கதவை விட்டுப் போகாத பெயர்

டிரைவர் அன்று காலையிலிருந்தே ஒரு வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி சொன்ன வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. மச்சானோடு கூட்டாக நடத்திய மெத்தைக் கடை, மச்சானோடு சேர்ந்தே கைவிட்டுப் போயிருந்தது. சிவப்புக் காரின் கதவில் மட்டும் ‘சுகநித்திரை மெத்தைகள்’ என்று அதன் பெயர் பெரிய பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாலே ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று முதலாளி புலம்பிக்கொண்டிருந்தார். மெத்தை விற்ற மனிதருக்கு வந்த கதி அது.

“இன்னைக்கு இதை எடுத்துடுங்கண்ணே. பசை கிசை ஒண்ணும் இருக்கக் கூடாது, பெயிண்ட்ல ஒரு கீறல் விழக் கூடாது. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“நான் பாத்துக்கறேன் சார்” என்றார் டிரைவர்.

மூன்று மாதங்களாக அவர் எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் புகை படிந்ததுபோல ஒரு கறை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓரங்கள் தெரியும். சுவர் தெரியும், மரம் தெரியும், பக்கத்தில் உரசிக்கொண்டு போகிற பஸ் தெரியும். எதிரே நிற்பவரின் முகம் மட்டும் தெரியாது. கண் டாக்டர் சுற்றி வளைக்காமல், இது சரியாகாது, இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். டிரைவர் இதைப் பற்றி வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதைப் பிடித்தும் பிழைக்கத் தெரியாதவர். தெரிந்த தெருக்களைப் பழக்கத்தில் ஓட்டினார். சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டி நகர்ந்தால் தானும் நகர்ந்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினார். பின் சீட்டில் இருந்த உயிர்களைப் பற்றி நினைக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டார். பயம் மனிதனை எவ்வளவு கெட்டிக்காரனாக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

வேலையைக் கைதான் செய்தது. கதவைக் கழுவித் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் ஸ்டிக்கரைச் சூடாக்கினார். ஓரத்தை நகத்தால் நெம்பி, அவசரப்படாமல், கதவோடு கதவாகச் சாய்த்தபடியே உரித்தார். அது வந்தது. பசை வரவில்லை. சமையல் எண்ணெயைத் துணியில் நனைத்து, முதலில் கதவின் அடியில், யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் தேய்த்துப் பார்த்தார். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பசையின் மேல் அந்தத் துணியை ஒட்டிவைத்துக் காத்திருந்தார். ஊறிய பசை, மெத்தென்ற துணிக்குச் சுருண்டு சுருண்டு வந்தது. விடாப்பிடியாக நின்றதை, பிளாஸ்டிக் அட்டையில் துணியைச் சுற்றித் தள்ளினார். சோப்புத் தண்ணீரால் எண்ணெய் போகக் கழுவினார். கடைசியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கதவை மேலிருந்து கீழ்வரை தடவினார். வெறும் விரலுக்கு அகப்படாத பிசுக்குகூடப் பைக்குள்ளிருந்து தடவினால் நறநறக்கும். எங்குமே நறநறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

முதலாளி தேநீர்க் கோப்பையோடு வராந்தாவில் வந்து நின்றார்.

“என்னண்ணே, பேரு இன்னும் அப்படியே இருக்கே?”

டிரைவர் சட்டென்று திரும்பினார். கதவைப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது. கையால் தடவினார். வழுவழுவென்று இருந்தது. முதலாளி விளையாடுகிறாரா? இல்லை, எல்லாம் தெரிந்துபோய் ஆழம் பார்க்கிறாரா?

“சு… க… நி…” முதலாளியின் மகள் கதவருகே வந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்; டிரைவரை அவள் மாமா என்பாள். போன மாதம்தான் படிக்கக் கற்றிருந்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் படித்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். “…த்திரை! மாமா, சுகநித்திரைன்னு இருக்கு!”

ஒரு குழந்தைக்குத் தெரிகிற எழுத்து தனக்குத் தெரியவில்லை. “ஆமா, கொஞ்சம் மிச்சம் இருக்கு, எடுத்துடறேன்” என்று உளறிவிட்டு, ஷெட்டுக்குப் போய்ப் பெயிண்டையே கரைக்கும் தின்னர் டப்பாவை எடுத்துவந்தார். பெயிண்ட் பக்கம் தின்னரைக் கொண்டுபோகிறவனை, வண்டி துடைக்க லாயக்கில்லாதவன் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்த அதே ஆள்தான். துணியில் ஊற்றிக்கொண்டு, எங்கே தேய்ப்பது என்று தெரியாமல் கதவை நோக்கிக் கையை நீட்டினார்.

“அய்யய்யோ, என்ன பண்றீங்க!” முதலாளி ஓடிவந்து கையைப் பிடித்தார். “பசையெல்லாம் சுத்தமா போயிடுச்சுண்ணே. வெயில்ல சுத்தி இருந்த பெயிண்ட் வெளுத்திருக்கு, ஸ்டிக்கருக்கு அடியில இருந்தது வெளுக்கல. அதான் எழுத்து மாதிரி தெரியுது. உங்களுக்குத் தெரியல?”

“தெரியுது சார். தெரியாம என்ன?”

“பாலிஷ் போட்டா மங்கிடும், அதை இன்னொரு நாள் பாத்துக்கலாம். மச்சான் அவ்வளவு சீக்கிரம் போயிடுவானா?” முதலாளி சிரித்தார். “வாலுவை நீச்சல் வகுப்புல விட்டுட்டு வந்துடுங்க. நேரமாச்சு.”

தப்பித்தோம் என்று டிரைவர் மனதுக்குள் கும்பிட்டார். கை கழுவி, உட்கார்ந்து, சாவியைத் திருகினார். பின்கதவு திறந்தது, பை தொப்பென்று விழுந்தது, கதவு அறைந்து மூடியது. வாலு ஏறிவிட்டாள். நேராகக் கேட்டைப் பார்த்தார். கேட்டின் இரண்டு தூண்களும் ஓரங்களில் தெரிந்தன. நடுவில் வழக்கமான கறை. வண்டியை எடுத்தார்.

“ஸ்டாப்!”

குரல் பின்னாலிருந்து வரவில்லை. எதிரிலிருந்து வந்தது.

பிரேக்கை மிதித்ததில் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. தலையைச் சாய்த்தபோதுதான் ஓரக்கண்ணில் தெரிந்தது: பானட்டுக்கு முன்னால், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வாலு நின்றிருந்தாள். அவள் முழங்காலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. கேட்டைத் திறக்க ஓடியிருக்கிறாள். அவருக்கு நேர் எதிரே ஓடியிருக்கிறாள், எதிரேயே நின்றிருக்கிறாள், அவர் அவளைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியை எடுத்திருக்கிறார்.

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, மாமா என்னை இடிக்கற மாதிரி வந்து பயமுறுத்தினாரு! நான் பயப்படவே இல்ல!”

வராந்தாவில் முதலாளியும் சிரித்தார். “நீ வழியில நின்னா மாமா என்ன பண்ணுவாரு? போய் ஏறு, கழுதை.”

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டிரைவர் சேர்ந்து சிரித்தால் போதும், கதை முடிந்தது. அவர் சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணிக்கொண்டதே தவிரச் சிரிப்பு வரவில்லை. வாலு தாவி ஏறி, “போலாம் மாமா” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு இதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று ஆனது. வேலை போகும், வீட்டில் அடுப்பு எரியாது, மனைவி முகத்தில் முழிக்க முடியாது என்றெல்லாம் நடுங்கிய மனதில் இப்போது அந்த முழங்கால்கள் மட்டுமே நின்றன.

அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். வராந்தாப் படிவரை எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. சாவியை நீட்டினார்.

“என்னண்ணே?”

“பாப்பா வெளையாட்டுன்னு நெனச்சுட்டா சார். நான் வெளையாடல. எனக்கு அவ தெரியவே இல்ல.”

“என்ன சொல்றீங்க? நேரா முன்னாடிதான நின்னா?”

“நேரா இருக்கறதுதான் தெரியறதில்ல. கதவுல இருந்த எழுத்தும் தெரியல. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

முதலாளியின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

“எப்போ சொன்னாரு?”

“மூணு மாசமாச்சு.”

முதலாளி படியிறங்கினார். விறுவிறுவென்று காரிடம் போனார், பின்கதவைத் திறந்தார், தூக்கும் வயதைத் தாண்டிவிட்ட மகளை வாரித் தூக்கிக்கொண்டார். “நேரமாச்சுப்பா, விடுப்பா” என்று வாலு கால்களை உதைத்தாள். அவர் விடவில்லை. திரும்பி, டிரைவரைப் பார்த்தார்.

“மூணு மாசமா… தினமும்… என் புள்ளைய நீ…”

இத்தனை வருஷத்தில் முதலாளி அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டிரைவர் தலை குனிந்துகொண்டார். வாக்கியத்தின் மிச்சத்தை முதலாளி முடிக்கவில்லை. அது என்னவென்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.