கங்குலி பெயரில் ஓர் ஆஸ்டின்

வெள்ளிக்கிழமை காலைக் காபியின்போது மீனாக்ஷி கைப்பேசியைத் தாத்தாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "தாத்தா, நம்ம கார்" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான் என்று ராகவேந்திரனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

மைதானத்தில் ஞாயிறன்று நடக்கவிருந்த பழைய கார் கண்காட்சியின் விளம்பரம் அது. சாம்பல் நிற ஆஸ்டின், 1951-ஆம் வருடத்து வண்டி, டபிள்யூ.பி.பி. 4417. அதே எண் அவர்களுடைய லேக் மார்க்கெட் வீட்டின் கூடத்துச் சுவரிலும் தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக அவருடைய அப்பா வைத்தியநாதன் அந்த வண்டியின் பானெட்டில் ஒரு கையை ஊன்றி நிற்கும் படம்.

அன்று வீட்டில் மஹாதேவன் வேறு இருந்தார். அவருடைய பையனுக்குத்தான் மீனாக்ஷியை நிச்சயம் செய்திருந்தது. கல்யாணத் தேதி பேச ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்தவர், சுவரையும் கைப்பேசியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பரவாயில்லையே மாமா. எங்காத்துல அப்போ சைக்கிளுக்கு லைசென்ஸ் கட்டவே யோசிப்பா" என்றார். எதையும் கொஞ்சம் கிண்டல் கலந்து சொல்வதுதான் அவர் சுபாவம்.

மருமகள் பத்மஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாமனார் வழக்கமாகச் சொல்லும் மீதியையும் அவளே சொல்லி முடித்தாள். கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கிடங்குக் கம்பெனியின் சூப்பரிண்டெண்டாக முப்பது வருஷம் இருந்தவர் வைத்தியநாதன். அங்கிருந்து ஒரு தேங்காய்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. கையில் கறை படாமல், சொந்த உழைப்பில் வாங்கிய கார் அது.

எல்லாம் ராகவேந்திரன் சொல்லிச் சொல்லி வீட்டில் ஊறிப்போன வார்த்தைகள். ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் திதியன்று, சாப்பிட்டு எழுந்தவர்களை உட்கார்த்திவைத்து அவர் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. பொய்யும் சொல்லவில்லை. தேங்காய் எடுத்து வராதது நிஜம். சம்பளப் பணத்தில் வாங்கியது நிஜம்.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். கிடங்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் சரக்கைக் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் விடும். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களோ அவர்களுடைய உறவினரோ அந்த ஏலத்தில் கேட்கக் கூடாது. அதை நடத்துகிறவரே வைத்தியநாதன்தான். 1956-இல், ஒரு கப்பல் என்ஜினியர் இறக்கிவிட்டுப் போய்த் திரும்பி வராத ஆஸ்டின் ஏலத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டு நிர்மல் கங்குலி போய்க் கேட்டார். பணம் வைத்தியநாதனுடையது, பெயர் கங்குலியுடையது. வண்டி வைத்தியநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அப்பா டாஷ்போர்டில் மூன்று திருகாணி போட்டு ஒரு பித்தளைப் பிள்ளையாரைப் பொருத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு பதினொரு வயது மகனைத் தனியாக அழைத்தார்.

"ஊர்ல யார் கேட்டாலும் நம்ம கார்னு சொல்லு. கம்பெனிலேர்ந்து யாராவது வந்து கேட்டா, கங்குலி மாமா கார்னு சொல்லு."

யாரும் வந்து கேட்கவில்லை. அப்பா ஓய்வுபெற்ற பிறகு, 1974-இல், கங்குலியே கையெழுத்துப் போட்டு வண்டியை விற்றுக் கொடுத்தார். அவரும் போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்பா அன்று சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தை ராகவேந்திரன் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தட்டிக்கழிக்க அவர் தன்னால் ஆனதைச் செய்தார். முழங்கால் வலி என்றார், தூசி ஒத்துக்கொள்ளாது என்றார். மஹாதேவன் கேட்பதாக இல்லை. ஊர் திரும்பும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, மடக்கு நாற்காலி ஒன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டு நின்றார்.

மைதானத்தில் பனி விலகி வெயில் ஏறியிருந்தது. ஊரே திரண்டு வந்ததுபோல் கூட்டம். நுழைந்தவுடன் ஒரு பழைய ஃபோர்டு. கூரையை வெட்டித் தாழ்த்தி, என்ஜினைத் திறந்துபோட்டு, பக்கவாட்டில் தீ நாக்கு வரைந்திருந்தது. முடுக்கியபோது தரை அதிர்ந்தது.

"இது காரா, கல்யாணச் சமையல் அடுப்பா?" என்றார் மஹாதேவன்.

அதை வைத்திருந்த பெஹாலாக்காரர், அடிச்சட்டத்தைத் தவிர எல்லாமே தான் மாற்றியது என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். அதன் பழைய சொந்தக்காரர் யார் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. ஆஸ்டினும் இந்த மனிதர் கையில் சிக்கியிருக்கக் கூடாதா என்று ராகவேந்திரனுக்குத் தோன்றியது.

ஆஸ்டின் நான்காவது வரிசையில் நின்றது. அதைக் கண்டதும் சற்று நேரம் அவருக்கு எல்லாமே மறந்துபோனது. அப்பா காலத்தில்கூட அது அப்படி மின்னியதில்லை. உருண்ட முன்பக்கமும், மூக்கில் சிறகு வைத்த 'ஏ' எழுத்துச் சின்னமும், சிவந்த தோல் இருக்கைகளும் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவை போல இருந்தன. அவர் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் மஹாதேவன் வண்டிக்கு முன்னால் வைத்திருந்த விவரப் பலகையைப் படித்துவிட்டார்.

"முதல் பதிவு, நிர்மல் கங்குலி, கிடர்பூர். ஐம்பத்தாறுலேர்ந்து எழுபத்துநாலு வரைக்கும்" என்று உரக்கச் சொல்லி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "உங்க அப்பா பேரு வேற ஆச்சே மாமா?"

பத்மஜாவின் முகம் சிவந்தது. ஏதோ தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்றாள். மீனாக்ஷி அதற்குள் வண்டியின் இப்போதைய சொந்தக்காரரைப் பிடித்துவிட்டாள். அனிர்பன் லாஹிரி என்று பெயர். ஜாதவ்பூரில் பல் டாக்டர், நாற்பது வயதிருக்கும். சுவர்ப் படத்தைக் கைப்பேசியில் காட்டி அவள் பெங்காலியில் படபடவென்று பேச, அவர் பரவசப்பட்டுப்போய் ராகவேந்திரனின் காலைத் தொட்டு நமஸ்கரித்தார். ஏழு வருஷமாக இந்த வண்டியின் சரித்திரத்தைத் தேடுவதாகவும், கங்குலி குடும்பத்தில் ஒருவரும் அகப்படவில்லை என்றும் சொன்னார். டாஷ்போர்டில் மூன்று துளைகள் இருந்தன, எதற்கென்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, கம்பெனி வார்ப்பில் கிடையாது என்பதால் அடைத்துவிட்டேன் என்றார். ராகவேந்திரன் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு டாக்டர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து பானெட்டின்மேல் துணி விரித்து வைத்தார். முதல் காகிதம் ஏலச்சீட்டு. ஓரம் பழுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஏலம் எடுத்தவர், என். கங்குலி. கீழே, சரக்கை விடுவித்த அதிகாரியின் கையெழுத்து.

மீனாக்ஷி குனிந்து பார்த்துவிட்டுத் துள்ளினாள். "தாத்தா, எஸ். வைத்தியநாதன்! கொள்ளுத்தாத்தா கையெழுத்து! தேகோ மா, பாரேன், அதே வளைஞ்ச எஸ்."

கையெழுத்தில் சந்தேகமே இல்லை. அந்த வளைவை ராகவேந்திரன் தன் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டைகளில் எல்லாம் பார்த்திருக்கிறார்.

மஹாதேவன் சீட்டைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார். முப்பத்தைந்து வருஷம் உருக்காலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவருக்கு ஏலம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் தலையை நிமிர்த்தியபோது முகத்தில் கிண்டல் இல்லை. ராகவேந்திரனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டர் பெங்காலியில், பெரியப்பா முறை வைத்துக் கேட்டார். "ஜேட்டு, நீங்கதான் சொல்லணும். கார் உண்மையில யாருடையது? உங்க அப்பாவோடதுன்னா பலகையை இப்பவே மாத்திடறேன்."

மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு அவர் காத்திருந்தார். எண்பதைத் தொட்ட ராகவேந்திரன் முதுகை நிமிர்த்தி நின்றார். நம்முடையது என்று சொன்னால் சீட்டிலிருக்கும் கையெழுத்து அப்பாவைத் தின்றுவிடும். இல்லை என்று சொன்னால் இந்த ஊரில் தான் இத்தனை வருஷம் பேசிய பேச்சு என்னவாகும்? மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். கூட்டம் இரைந்தது. அந்த ஃபோர்டு மறுபடி உறுமியது.

"கங்குலி மாமா கார்" என்றார் பெங்காலியில். பிறகு சம்பந்தியைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார். "கங்குலியோடது. அப்பா எப்பவாவது ஓட்டுவார். நான்தான் வீட்டுல எங்களுதுன்னு சொல்லிண்டிருந்தேன். வீண் பெருமை."

"மாமா, என்ன சொல்றேள்?" என்றாள் பத்மஜா.

"அப்பா மேல தப்பில்லை. பொய் சொன்னது நான்."

மஹாதேவன் சீட்டைக் கோப்பில் திரும்ப வைத்து மூடினார். மூலை மடங்காமல், மிகவும் கவனமாக. "சின்ன வயசுல எல்லாரும் சொல்றதுதான் மாமா" என்றார். நம்பினாரா, நம்பியதாகக் காட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

டாக்டருக்குக் குறை ஒன்றும் இல்லை. கங்குலியை நேரில் அறிந்த ஒருவராவது கிடைத்தாரே என்று மகிழ்ந்து, பலகையில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்த்தார். பக்கத்து வீட்டு நண்பர், எஸ். வைத்தியநாதன். எழுத்துக் கூட்டிச் சொன்னவர் ராகவேந்திரன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. பிறகு டாக்டர் கதவைத் திறந்து, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே உட்காருங்கள் என்று வற்புறுத்தினார்.

ராகவேந்திரன் உட்கார்ந்தார். டாக்டர் கதவைச் சாத்தினார். மீனாக்ஷி படம் எடுக்கையில் அவர் கை தானாக டாஷ்போர்டுக்குப் போய், பிள்ளையார் இருந்த இடத்தைத் தடவியது. மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. பல் டாக்டர் நன்றாகவே அடைத்திருந்தார்.

இறங்க வேண்டும். அந்தக் கதவு அவருடைய சின்ன வயதிலிருந்தே சண்டித்தனம் செய்யும். ஜன்னல் விளிம்பை இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு பிடியை மேலே தூக்கி இழுக்க வேண்டும். அவர் அப்படியே அழுத்தி, தூக்கி, இழுத்தார். கதவு திறக்கவில்லை. மறுபடி செய்தார். பிடி இறுகிக்கொண்டதே தவிர அசையவில்லை.

கண்ணாடிக்கு வெளியே மீனாக்ஷி கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு அவருடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது ஓட்டியவருடைய பிள்ளைக்கு அந்த முழங்கை வேலை எப்படித் தெரியும்?

"அதெல்லாம் சரிபண்ணியாச்சு ஜேட்டு, சும்மா கீழே அமுக்கினாப் போதும்" என்று டாக்டர் வெளியிலிருந்து சிரித்தார்.

ராகவேந்திரனுக்கு அது காதில் விழுந்தது. கைதான் கேட்கவில்லை. மூன்றாவது முறையும் பிடியை மேலே தூக்கினார். மஹாதேவன் மடக்கு நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு வந்து, வெளிப்பக்கமிருந்து கதவைத் திறந்துவிட்டார்.