இரவல் தர முடியாத படம்

எங்கள் செவிலியர் கல்லூரி நூலகத்தில் டிவிடி அலமாரி என் பொறுப்பு. ஒவ்வொரு உறையிலும் ஒரு காந்தப் பூட்டு உண்டு. மாணவியின் கார்டை வைத்ததும் கணினி அவள் பிறந்த தேதியை எடுத்து, படத்தின் வயது வரம்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். சரியென்றால் பச்சை விளக்கு. நான் உறையை மேசைக் காந்தத்தின் மேல் வைத்துத் திறந்து கொடுப்பேன். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் சிவப்பு. அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் காலையில் முதலாண்டுப் பெண் ஒருத்தி பிரசவப் படத்தைக் கேட்டு வந்தாள். எதையும் மறைக்காமல் எடுத்த படம் என்பதால் பதினெட்டு வயதுக்கு மேல்தான். கார்டை வைத்தாள். சிவப்பு. பதினேழு வருடம், ஏழு மாதம்.

“நாளைக்கு எனக்குப் பிரசவ வார்டுல டியூட்டி சார்.”

“அங்க மட்டும் உள்ள விடுவாங்களாம்மா?”

“அங்க யாரு சார் வயசு கேக்குறா? படத்துக்குத்தான் சர்டிபிகேட்டு.”



வகுப்பில் வெறும் பிரசவப் புகைப்படத்தைப் பார்த்தே இரண்டு முறை மயங்கி விழுந்தவள் அவள். தோழிகள் வைத்த பெயர் ‘தொப்’. மூன்றாவது முறையும் விழுந்தால் வேறு படிப்பு பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் ஆசிரியை. அதற்குள் ஒரு தடவை படத்திலாவது பார்த்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து வந்திருந்தாள்.

காந்தம் என் கையருகேதான் இருந்தது. கணினிக்குத் தெரியாமல் திறந்திருக்கலாம். மனம் வரவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விதித்தாளைக் குனிந்து படித்தேன். ‘வயது நிறையாதவருக்கு இரவல் தரக் கூடாது.’ பதினோரு வருடமாக நான் சொல்லி வந்தது இந்த முதல் வரியைத்தான். என் தண்ணீர் பாட்டில் நிற்கும் இடத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: ‘ஆசிரியர் உடனிருந்தால், பாடத்துக்காக, நூலகத்திலேயே காட்டலாம்.’ இரவல் தருவது வேறு, காட்டுவது வேறு. இத்தனை வருடமாக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேனோ!

ஆசிரியைக்குப் போன் செய்தேன். வந்தார்.

“இதுல விழுந்தா நாளைக்கு வார்டுப் பக்கமே வராத. புரியுதா?”

“சரி மேடம்.”

“நின்னுட்டுப் பாரு. என்ன நடக்குதுன்னு சொல்லிட்டே இரு. வாய் நின்னாத்தான் தலை சுத்தும்.”

டிவிடி என் பொறுப்பை விட்டுப் போகக் கூடாது என்பதால் நானும் நூலகத்தின் திரையறைக்குள் இருந்தேன். எனக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேரும் பிறந்தபோது நான் வராந்தாவில் பிளாஸ்க்கும் கையுமாக நின்றவன்.

படம் ஓடியது. திரையின் ஒரு மூலையில், உள்ளே நடப்பதைக் கோட்டோவியமாகக் காட்டினார்கள். அவள் நாற்காலி முதுகை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“தலை பக்கவாட்டுல பாத்துட்டு இறங்குது மேடம். மேல அந்த இடுப்பெலும்பு வழி குறுக்க அகலம். கீழ, முன்னும் பின்னும் அகலம். அதனால… இப்பத் திரும்புது.”

“மண்டை எலும்பு?”

“இன்னும் ஒட்டல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, தலை சின்னதாகுது.”

அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. தலை வெளியே வந்தது. முகம் கீழே. யாரும் தொடவில்லை, அந்தத் தலை தானாக, மெல்ல, ஒரு பக்கமாகத் திரும்பியது.

“எதுக்குத் திரும்புது?” என்றேன், என்னையறியாமல்.

“உள்ள தோள் பட்டை இருக்குல்ல சார், அதோட நேராகுறதுக்கு. அடுத்து அது வரணுமே.”

என் வீட்டு வாயாடிகள் இரண்டு பேரும் இப்படி அளந்து திரும்பித்தான் வந்தார்களா? சுவரைப் பிடித்தேன்.

“சார் விழப் போறாரு” என்றார் ஆசிரியை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். பிடிமானம் எதுவும் இல்லாமல் நின்றாள். “முன் தோள் வந்துருச்சு. பின் தோள். இப்ப முழுசா.”

குழந்தை நீலமாகக் கிடந்தது. சத்தமில்லை. நூற்றுக்கணக்கில் பிரசவம் பார்த்த ஆசிரியையும் மூச்சை அடக்கியதை நான் கவனித்தேன். பிறகு அது அழுதது. எங்கள் கண் முன்னே நெஞ்சிலிருந்து தொடங்கி, சிவப்பு உடம்பெங்கும் பரவியது.

நான் டிவிடியை எடுத்து உறைக்குள் வைத்தேன்.

“காலைல ஏழு மணி” என்றார் ஆசிரியை. “முடிய இறுக்கக் கட்டிட்டு வா.”