வைரஸுக்கு ஆசை கிடையாது

மூன்றாவது முறையாகத் திருத்தி வந்த கட்டுரையின் முதல் வரியைப் படித்ததுமே கத்திரிக்கு மண்டை காய்ந்தது. 'தட்டம்மை வைரஸ் பதுங்கித் திரியும் ஒரு வேட்டைக்காரன்' என்று தொடங்கியிருந்தான். முதல் பிரதியில் அது திருடனாக இருந்தது. திருடன் வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாள், கொலைகாரனாக்கிக் கொண்டுவந்தான். கொலைகாரனையும் அடித்தாள். இப்போது வேட்டைக்காரன். இவனோடு மல்லுக்கட்டுவதற்குத் தானே ஒரு கட்டுரை எழுதித் தொலைத்திருக்கலாம்.

கத்திரி என்பது வகுப்பு வைத்த பெயர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியாக வெட்டித்தான் திருப்பிக் கொடுப்பாள். எதிரே உட்கார்ந்திருந்தவன் பெயர் சரிசரி. எது சொன்னாலும் இரண்டு முறை சரி போடுவான், காரியம் மட்டும் நடக்காது. இருவரும் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு. அறிவியல் எழுத்து என்ற பாடத்துக்காக ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்தும்படி பேராசிரியை ஜோடி சேர்த்துவிட்டிருந்தார். அதிலும் ஒரு வில்லங்கம். கட்டுரை எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவுதான் திருத்தியவருக்கும் மதிப்பெண். அடுப்படியில் நிற்பது ஒருவர், உப்புக் கூடினால் திட்டு வாங்குவது இன்னொருவர். இது என்ன நியாயம் என்று கத்திரி புலம்பாத ஆள் அந்தத் துறையில் இல்லை.

"இங்க பாரு," என்று துறை நூலகத்தின் மேசையில் தாளைத் தட்டினாள். "வைரஸுக்கு மூளை கிடையாது. அது யாரையும் தேடாது, பதுங்காது, ஆசைப்படாது. ஒருத்தர் இருமினா காத்துல கலக்குது, இன்னொருத்தர் மூச்சு இழுத்தா உள்ள போகுது. கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி மூணு தடவை சொல்லிட்டேன்."

"சரி சரி. அப்ப எதிரின்னு போட்டுக்கட்டுமா?"

கத்திரி பல்லைக் கடித்தாள். நூலகர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"மத்ததெல்லாம் நீ சொன்னபடி மாத்திட்டேன்ல?" என்றான் அவன். "பத்தி பிரிச்சேன், படம் வெச்சேன். இது ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே. எங்கப்பா இதைப் படிக்கணும். படிச்சா நம்பணும்."

முதல் நாளிலிருந்தே இந்த அப்பா புராணம்தான். கத்திரிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

"உங்கப்பாவுக்குக் கதை வேணும்னா கதைப் புத்தகம் வாங்கிக் குடு," என்று அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே தன் கையால் எழுதினாள்: 'வைரஸ் தானாக எங்கும் போவதில்லை. மனிதர்களே அதைச் சுமந்து செல்கிறார்கள்.' நல்ல வரி என்று அவளுக்கே ஒரு திருப்தி.

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"இதைத்தான் எங்க வீட்டுல ஏழு வருஷமா சொல்லிட்டிருக்காங்க."

பிறகு விஷயம் துண்டு துண்டாக வந்தது. அவன் தங்கை எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா அவளைத் தன் சிநேகிதி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளை ஆசையாகத் தூக்கிக் கொஞ்சியது. கொஞ்ச நாளில் இவளுக்குத் தட்டம்மை. தடுப்பூசி போடும் வயது இன்னும் வந்திருக்கவில்லை. அம்மை காதில் இறங்கிச் சீழ் வைத்து, இரண்டு காதும் போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் என்ன சண்டை வந்தாலும் அப்பா கடைசியில் ஒன்றையே சொல்வார்: நீதானே தூக்கிட்டுப் போன. அம்மா அதோடு வாயை மூடிக்கொள்வார்.

"அதான், அதுவே தேடி வந்துச்சுன்னு எழுதினா..." என்று முடிக்காமல் விட்டான்.

கத்திரிக்குக் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பார்த்தே இராத அந்த அப்பாவின் மேல் நிறைய. இதை முன்பே சொல்லாத இவன் மேலும் கொஞ்சம். அதற்காகப் பொய்யான வரியை விடவும் அவளுக்கு மனம் வரவில்லை. வேட்டைக்காரனை அந்த மனுஷன் ஒரே கேள்வியில் ஊதித் தள்ளிவிடுவார்.

"அந்தப் பிள்ளைக்கு அன்னிக்கு உடம்புல தடிப்பு இருந்துச்சா?"

"இல்லயாம். மூக்குதான் ஒழுகிச்சாம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தடிப்பு வந்துச்சுன்னு அம்மா சொல்வாங்க. அப்பா காதுலயே வாங்க மாட்டார்."

கத்திரி தாள்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தின் அடியில், அவள் இரண்டு முறையும் சரி பார்த்து டிக் அடித்துவிட்டுத் தாண்டிப்போன அட்டவணையில், பொடி எழுத்தில் இருந்தது: தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும்.

"டேய்! இதை நீயே எழுதியிருக்கியே!"

"அது பரீட்சைக்குக் கேப்பாங்களேன்னு..."

"பரீட்சைக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நூலகர் எழுந்தே வந்துவிட்டார். இருவரையும் வெளியே அனுப்பினார்.

மாடிப்படியில் நிறுத்தி வைத்துக் கத்திரி படபடவென்று சொன்னாள். "தடிப்பு இன்னும் வராத பிள்ளைகிட்டயிருந்து ஒட்டியிருக்கு. பார்த்தா வெறும் சளி. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. அந்தப் பிள்ளையைப் பெத்தவளுக்கே தெரியாது. கட்டுரைக்கு முதல் வரி இதுதான். வேட்டைக்காரனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அவன் கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைத்தான். அட்டவணையில் இருந்ததை மெதுவாகப் படித்துக் காட்டினான், புரியும்படி இன்னொரு முறையும் சொன்னான். அம்மாவின் குரல் பக்கத்தில் நின்ற கத்திரிக்கும் கேட்டது.

"இது உங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கா?"

"ஆமாம்மா. போன வருஷமே பாடத்துல வந்தது. பரீட்சையில கூட எழுதினேன், முழு மார்க்கு."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான்.

"போன வருஷமே தெரியுமா உனக்கு?" என்றார் அம்மா.