சத்தம் குறைக்க ஒரு குமிழ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை எழுதும் எண்ணமே இல்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றுகிற விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, நம்பி வாங்கக்கூடிய கன்ட்ரோலர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்று ஒரு கடைக்கு எழுதிக் கேட்க உட்கார்ந்தேன். “ஐயா, வணக்கம். என் மாமனாருக்குக் குரல் போய்விட்டது” என்று முதல் வரி வந்து விழுந்தது. விசிறி விசாரிக்கிற இடத்தில் மாமனாருக்கு என்ன வேலை என்று அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் அவரே வந்து நின்றார். சரி, இது கடைக்கு அனுப்புகிற சரக்கு இல்லை என்று விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். இனிமேல் கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கிக் கொடுப்பது என் தொழில். சுவரில் விழுகிற வெயில், சோபா, ஜன்னலோரம் ஒரு செடி, எல்லாம் பொய், எல்லாம் தத்ரூபம். ஒரு படம் முடிய கம்ப்யூட்டர் மணிக்கணக்காக மாடாய் உழைக்கும். சூடு ஏறும். விசிறிகள் அலறும். பக்கத்து அறையில் மாமனார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர். வலது கால் இழுக்கிறது. கூப்பிட்டால் குரலை விடக் காற்றுதான் அதிகம் வருகிறது. தனியாக எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விசிறி அலறினால் அவர் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. நான் வராவிட்டால் அவரே எழுந்துவிடுவார். எழுந்தால் விழுவார். 

[ஒரு நிமிடம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தூங்குகிறார். மூச்சு வருகிறது.]

இந்த அடைப்புக்குறிகளை அழகுக்குப் போட்டதாக நினைக்காதீர்கள். நிஜமாகவே எழுந்து போய்விட்டுத்தான் வருகிறேன்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

“வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே விசிறி” என்று ஒன்று. வேண்டாம். என்ன எழுதுவதென்று தெரியாதபோதெல்லாம் நான் மழையைக் கூப்பிடுகிறேன்.

“தொட்டிலில் குழந்தை புரண்டு படுத்தது.” ஆமாம், முதல் வரைவில் பக்கத்து அறையில் இருந்தது ஒரு குழந்தை. படித்தால் எல்லோருக்கும் பிடிக்கும்போல் இருந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. குழந்தை அழுதால் தெருவுக்கே கேட்கும், விசிறி என்ன செய்துவிட முடியும்? என் பயமெல்லாம் கத்த முடியாத ஆளைப் பற்றியது. தவிர, எந்தக் குழந்தையும் “பரவாயில்லம்மா, நீ உன் வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டுத் தொண்டை வறளப் படுத்திருக்காது.

“தள்ளாத வயதில் ஒரு கிழவர்” என்று இன்னொன்று. இதை அவர் படித்தால் என்னோடு பேசமாட்டார். தாடியை இன்னும் அவரேதான் மழித்துக்கொள்கிறார், இடது கையால்.

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்கிவிட்டோம். மேலே போகலாம்.

3

காசு செலவில்லாத வழியை முதலில் பார்த்தோம். விசிறியை அடக்க ஒரு மென்பொருள் இருக்கிறது, சும்மாவே கிடைக்கும் என்று என் கணவர் இறக்கிக் கொடுத்தார்.* ஓரளவு அடங்கியது. ஒருநாள் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்து எழுப்பினேன். மென்பொருள் மட்டும் எழுந்திருக்கவில்லை. விசிறி நின்றது நின்றபடி இருக்க, நான் “ஆகா, என்ன அமைதி” என்று வேலை செய்துகொண்டிருந்தேன். பெட்டி கொதித்துத் தானாக அணைந்தது. பாதி முடிந்த வீடு ஒன்று போயே போய்விட்டது.

(* அவர் சொல்கிற கதையில், அமைப்பை நான் சரியாகச் சேமிக்கவில்லை. இது என் கதை.)

அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். இது ஒழுங்காக இருந்தால் என்ன செய்யும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; கெட்டுப்போனால் என்ன செய்யும்?

கடைக்குப் போனேன். கடைக்காரரை நான் முதலில் எப்படி எழுதியிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மேடம், ஃபேனும் மனுஷனும் ஒண்ணுதான். ரொம்ப அடக்கினா நின்னு போயிடும்” என்கிறார். நான் வாயடைத்து நிற்கிறேன். இந்த ஆளை நம்ப முடிகிறதா? எனக்கு முடியவில்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். நிஜக் கடைக்காரர் தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ ஸ்கூட்டர் விற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வண்ண வண்ண விளக்கு எரிகிற ஒன்றை என் பக்கம் தள்ளி, இதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்றார். கெட்டுப்போனால் என்ன செய்யும் என்று கேட்டேன். அது ஏன் மேடம் கெட்டுப்போகப் போகிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஸ்கூட்டருக்குப் போய்விட்டார்.

பெட்டிகளின் பின்புறத்தை ஒவ்வொன்றாக நானே படித்தேன். விளக்கு எரிகிறதில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. இன்னொன்றில் குமிழைக் கடைசிவரை திருகினால் விசிறி நின்றே போகும். மூன்றாவது பார்க்கச் சுமார்தான், ஒரு கறுப்புப் பட்டை, ஒரு குமிழ். ஆனால் எவ்வளவு குறைத்தாலும் விசிறியை நிற்க விடாது. கருவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டுவிடும். எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கும் அதே குணம்தான். ஏதாவது ஆகிவிட்டால் முழு வேகத்தில் ஓடுவேன், ஊரைக் கூட்டுவேன், ஆனால் நிற்கமாட்டேன்.

4

கணவர் பெட்டியின் முகப்பில் அதைப் பொருத்தினார். குறைத்து வைத்தேன். வீடு அப்படியே அடங்கியது. குழாயில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. மாமனார் புரள்வதுகூடக் கேட்டது. இத்தனை நாள் இரண்டு காதையும் அடகு வைத்துவிட்டு வாழ்ந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம், கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம், சரக், சரக் என்று ஒரு சத்தம். திரும்பினால் என் அறை வாசலில் மாமனார் நிற்கிறார். நடக்கப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம் இல்லை. ஒரு கை சுவரில், ஒரு கை கதவு நிலையில். வேட்டி பாதி அவிழ்ந்திருக்கிறது. உடம்பெல்லாம் நடுங்குகிறது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன மாமா இது, ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பேனே. இப்ப நல்லாக் கேக்குதே.”

அவருக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“மிஷின் சத்தம் நின்னு போச்சும்மா. உனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பாக்க வந்தேன்.”

இங்கே எழுத்தாளர் ஏதாவது நயமாகச் சொல்ல வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது, கூடவே கோபமும். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்த அத்தனை நாளும், எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் அந்த விசிறியைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

அன்றே குமிழைக் கூட்டி வைத்தேன். விசிறி பழையபடி இரைந்தது. அவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குக் காது போயிற்று.

[போய்ப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். போர்வையை இழுத்துவிட்டேன்.]

5

நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரு மணி வாங்கிக் கொடுக்கலாமே? கொடுத்தோம். அது தலையணைக்கடியில் கிடக்கிறது. வேலையில் இருக்கிற மருமகளை மணி அடித்துக் கூப்பிட நான் என்ன ஜமீன்தாரா என்கிறார். கம்ப்யூட்டரை அவர் அறைக்கே கொண்டுபோகலாமே? போனோம். நான் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி விறைப்பாகப் படுத்திருந்தார், கண்ணை மூடவே இல்லை. சிறுநீருக்குப் பாத்திரம் வைக்க வேண்டிய நேரத்தில் என் கணவர் வரும்வரை அடக்கிக்கொண்டார். கருவிகளுக்குச் சொல்கிற யோசனையெல்லாம் நியாயமானதுதான். மனிதருக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறது.

குமிழை நடுவில் வைக்கலாமே? வைத்தேன். அவருக்கும் சரியாகக் கேட்கவில்லை, எனக்கும் சரியாகக் கேட்கவில்லை.

6

இதுவரை சொன்னது நடந்தது. இனிமேல் நடந்துகொண்டிருப்பது.

சாயங்காலம் போட வேண்டிய மாத்திரையை எடுக்கப் போனேன். ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன மாத்திரை. அட்டைப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. மருந்துக் கடைக்குப் போன் செய்தேன். கொண்டுவந்து தர ஆளில்லை, இன்றைக்குச் சீக்கிரம் சாத்துகிறோம், வருவதானால் உடனே வாருங்கள் என்றார்கள். கணவருக்குப் போன் செய்தேன். எவ்வளவு பறந்து வந்தாலும் கடை சாத்திய பிறகுதான் வந்து சேர்வார். எதிர் வீட்டு அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போயிருக்கிறார்.

கடை தெருமுனையில்தான். ஓடினால் ஓடி வந்துவிடலாம்.

அவரிடம் சொல்லிவிட்டுப் போனால் என்ன? இங்கேதான் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டிலிருந்து யார் வெளியே போனாலும் பின்னாலேயே வந்து தாழ்ப்பாள் போடுவது அவர் வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் என் கொழுந்தனார் பார்க்க வந்தார். “போய்ட்டு வரேம்ப்பா” என்றார். “சரிப்பா” என்ற மாமனார், எல்லோரும் வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து தாழ்ப்பாளுக்கு வந்தார். கூடத்தில் விழுந்தார். நெற்றியில் தையல். சொல்லிவிட்டுப் போனால் அவர் எழுந்திருப்பார். எழாதீர்கள் என்று சத்தியம் வாங்கினாலும் அந்தக் கால்கள் எழும்.

சொல்லாமல் போனால்?

குமிழ் இருக்கிறது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் சூடானால்தான் விசிறி இரையும். இப்போது நான் திருகினால் போதும். முழுக்கத் திருகி வைத்துவிட்டுப் போனால் யாருமில்லாத அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும். மருமகள் வேலை செய்கிறாள் என்று அவர் அசையாமல் படுத்திருப்பார். கூப்பிட்டாலும், சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று பொறுத்துக்கொள்வார். பொறுத்துக்கொண்டே இருப்பார்.

கதைக்காக நான் கண்டுபிடித்த சிக்கல் என்று நினைக்கிறீர்களா? கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தால் மாத்திரையை முதல் பத்தியிலேயே வாங்கி வைத்திருப்பேனே.

7

முடிவுகள்.

ஒன்று: போகிறேன், வாங்குகிறேன், வருகிறேன். அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நல்ல முடிவுதான், ஆனால் நாளைக்கு மின் கட்டணம் கட்டப் போவேன், அதற்கு மறுநாள் தலைமுடி வெட்டிக்கொள்ளப் போவேன். அவர் நம்புகிற ஒரே சத்தத்தை வீட்டில் விட்டுவிட்டு நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இரண்டு: அவரை எழுப்பிச் சொல்கிறேன். “போய்ட்டு வாம்மா” என்கிறார். நான் படி இறங்குகிறபோது உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்று: நான் தவித்துக்கொண்டிருக்கும் இதே நொடியில் கணவர் மாத்திரையோடு வாசலில் வந்து நிற்கிறார். வேண்டிய நேரத்தில் கணவர்கள் வந்து நிற்பது கதைகளில்தான். எட்டிப் பார்த்தேன், தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

நான்கு: மாத்திரையை இன்று ஒருநாள் விட்டுவி

இல்லை.

[செருப்பைப் போட்டுக்கொண்டேன்.]

[திரும்பி வந்து குமிழைத் திருகினேன். முழுக்க.]

நான் போனேனா, அல்லது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருக்கிறேனா என்பதைச் சொல்லப் போவதில்லை. இவ்வளவு நேரம் வரிகள் ஓடிக்கொண்டிருந்ததால் நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நீங்களும் நம்பிக்கொண்டுதானே இருந்தீர்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. கொஞ்சம் உட்காருங்கள். அவர் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். குரல் ரொம்பச் சன்னமாக வரும், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். விசிறியை மட்டும் குறைத்துவிடாதீர்கள், எழுந்து வந்துவிடுவார்.