இடது கைக்கு மாற்றிய கிட்டார்

என் தம்பி வாரனுக்கு ஒரு பழக்கம் போனால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தாக வேண்டும். குடியை விட்டான், கிட்டார் வந்தது. அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

டொலீடோ நகரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் அடகுக்கடையில் வாங்கி வந்தான். மலிவான எலெக்ட்ரிக் சரக்கு. சிவப்புப் பெயின்ட் உரிந்து, யாரோ ஒட்டிய மண்டையோட்டுப் படங்களோடு பார்க்கவே பாவமாக இருந்தது. ஒயரை மாட்டிக் குமிழைத் திருகினால் வாணலியில் பன்றிக்கறி வறுபடுகிற மாதிரி சத்தம் வந்தது. இதைப் போய் எவனாவது காசு கொடுத்து வாங்குவானா என்று கேட்டேன். "மரம் நல்ல மரம்கா, மேல இருக்கறதுதான் மோசம்" என்றான். விவாகரத்துக்குப் பிறகு என் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறவன் சொன்னது அது.

குளிர்காலம் முழுக்க வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தான். துவைத்த துணியெல்லாம் சிவப்புத் தூள். திட்டினேன். சிரித்தான். அவன் சிரித்தே நான் வெகுகாலம் பார்க்காததால், திட்டுவதற்குக் காரணம் தேடிக்கொண்டே நானும் அடிக்கடி கீழே போனேன்.

எல்லாம் டெல்லாவுக்காக. டெல்லா அவன் மகள், பதினாலு வயது. இரண்டு வருஷம் முன்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு, குடித்துவிட்டுக் காரை ஓட்டி, ஒரு பள்ளத்தில் இறக்கினான். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதோடு அவன் பெண்டாட்டி ஷெர்ரி, பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு ப்ராட் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோர்ட்டு வாரனுக்குக் கொடுத்தது புதன்கிழமைதோறும் பத்து நிமிஷ போன். இப்போது, குடியை விட்டதற்குச் சான்று காட்டிய பிறகு, மாதம் ஒரு ஞாயிறு, மதியம் இரண்டு மணி நேரம். அதுவும் என் வீட்டில், நான் கூடவே உட்கார்ந்திருந்தால்தான். கோடை வந்ததும் நீதிபதி டெல்லாவையே கூப்பிட்டுக் கேட்பார். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பன் உறவு அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை போனில் தனக்குக் கிட்டார் பிடிக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது போதாதா இவனுக்கு? இன்னொன்றும் இவன் ஞாபகத்தில் இருந்தது. டெல்லா இடது கைக்காரி. கரண்டி பிடிப்பதும் படம் வரைவதும் பந்து அடிப்பதும் இடது கையில்தான். இடது கைக்காரர்களுக்குக் கிட்டாரில் எல்லாம் தலைகீழ். வலது கையால் தந்திகளை அழுத்தி, இடது கையால் மீட்ட வேண்டும். தந்திகளின் வரிசையே மாற வேண்டும். அதனால் தோள்வார் மாட்டும் குமிழைப் பிடுங்கி மறு பக்கத்தில் வைத்தான். பழைய ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தான். கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் எலும்புப் பட்டையைத் தட்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை அரத்தால் ராவி, ஒவ்வொரு தந்திக்கும் பள்ளம் கீறினான். ஒரு பள்ளம் கொஞ்சம் ஆழமாகிவிட்டால் தந்தி இரையும் என்று முழுப் பட்டையையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். கடைசியில் உட்கார்ந்த பட்டைக்கு இரண்டு சொட்டுப் பசை போதுமாம், பின்னால் எப்போதாவது கழற்ற வேண்டி வரும் என்பதால். இவன் தாராளமாக ஊற்றினான்.

"இனிமே ஜென்மத்துக்கும் அசையாது" என்றான்.

புதன்கிழமை அவளிடம் ஒரு வார்த்தை கேளேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டால் சர்ப்ரைஸ் போய்விடும் என்பான். பத்து நிமிஷமும் பனியைப் பற்றியும் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றியும் பேசிவிட்டு, தன் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் போனை வைப்பான்.

முதல் ஞாயிறு வந்தது. ஷெர்ரி வாசலில் காரை நிறுத்தினாள், இறங்காமல் பெண்ணை விட்டுவிட்டுப் போனாள். டெல்லா என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். நான் செய்த பீன்ஸ் சில்லிக் குழம்பை மூவரும் சாப்பிட்டோம். நன்றாக இருக்கிறது அத்தை என்றாள். அப்பாவைப் பார்க்காமல் அவன் தட்டைப் பார்த்தே பேசினாள். வாரன் வேர்த்துக்கொண்டிருந்தான். பிறகு கீழே ஓடிப்போய்க் கிட்டாரை எடுத்துவந்தான். ஆகாய நீலம் அடித்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. கழுத்தில் ஒரு ரிப்பன் வேறு.

நான் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். பின்னால் எந்தப் பிள்ளை எதை ஒளிக்கிறது என்பதைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவள். டெல்லா கிட்டாரை வாங்கினாள். அவள் இடது கை தானாகக் கழுத்துக்குப் போனது, தந்திகள் மேல் விரல்கள் பதிந்தன. அந்தக் கணமே தந்திகள் தலைகீழாக இருப்பது தெரிந்தது. விரல்களை எடுத்துவிட்டாள். பிறகு கிட்டாரைத் திருப்பி, மறுபக்கமாக மடியில் வைத்துக்கொண்டாள்.

வாரன் கவனிக்கவில்லை. அவன் தரையில் மண்டியிட்டு, மகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். இங்கே அழுத்து, இந்த விரல் இங்கே. இப்படியா என்று அவள் கேட்டாள். தப்பாக வைத்தாள். திருத்தினான். இந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியும், தெரியாதது போல நடிக்கிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பதினாலு வயதுக் குழந்தை தன் அப்பனைத் தாங்கிப் பிடிக்கிறதே என்று அவன் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. ஆனால் கூட உட்காருகிறவள் நடுவில் பேசக் கூடாது என்பது கோர்ட்டு போட்ட விதி.

மீட்டுகிற வில்லையை அவள் கையில் கொடுக்கும்போதுதான் எல்லாம் உடைந்தது. வாரன் அவள் இடது கையைப் பிடித்து, விரல்களுக்கு நடுவே வில்லையைச் செருகினான். அவன் கட்டை விரல் அவள் விரல்நுனிகளில் பட்டது. அங்கேயே நின்றது. மீட்டுகிற கைக்கு விரல்நுனி காய்க்காது, தந்தியை அழுத்துகிற கைக்குத்தான் காய்க்கும். அவனும் ஒரு காலத்தில் வாசித்தவன், அப்போது அவன் இடது கையில் இருந்த அதே காய்ப்பு அவள் இடது கையிலும் இருந்தது. எல்லாரையும் போல, வலது கைக்காரர்களின் கிட்டாரில் வாசித்து வந்த காய்ப்பு.

"எத்தனை நாளா வாசிக்கறே?"

"போன வருஷத்துலேர்ந்து."

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ப்ராட். இடது கைக்காரங்களும் சாதாரணமாவே கத்துக்கலாம்னு சொன்னார். அப்பதான் யார் வீட்டுக் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம்னு."

வாரன் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். "அப்போ ஏம்மா தெரியாத மாதிரி இருந்தே?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்றுதான் செய்ததாக அவன் முணுமுணுத்தான். டெல்லா கிட்டாரை மேஜை மேல் மெதுவாக வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு சர்ப்ரைஸ் பிடிக்காதுப்பா. உங்க கார் சத்தம் கேட்டாலே இன்னிக்கு என்னவோன்னு இருக்கும். ஒரு நாள் நாய்க்குட்டியோட வந்தீங்க. யாரு வளக்கறதுன்னு யாரையும் கேக்கல. இன்னொரு நாள் வரவே இல்ல. ஒரு நாள் கார்ல ஏறுன்னீங்க, ஏறினேன்."

அவன் எழுந்து கீழே போனான். படியில் அவன் காலடிச் சத்தம் கேட்டது. பின்கதவு வழியாக நேரே மதுக்கடைக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். திரும்பி வந்தான். கையில் சுத்தியலும் சின்ன மரக்கட்டையும். இப்போதே அந்தப் பட்டையைத் தட்டி எடுத்துவிடுகிறேன், பழையது டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, அரை மணியில் முடித்துவிடுவேன் என்று படபடத்தான். சுத்தியலை ஓங்கியும்விட்டான். அங்கேயே கை நின்றது. அவனே நிறுத்தினான்.

"டெல்லா, இதை நான் என்ன பண்ணட்டும்?"

அவள் அந்தப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். வெளியே ஷெர்ரியின் கார் வந்து ஹாரன் அடித்தது.

"அதைத் தட்டினா மரம் பேந்து வருமா?"

"வரும். பசையை ரொம்ப ஊத்திட்டேன்."

"மாத்துங்க. ஆனா நான் இருக்கும்போது மாத்துங்க. அதுவரைக்கும் தொடாதீங்க."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கட்டிக்கொள்ளவில்லை. வாசலில் திரும்பிப் பார்த்து, புதன்கிழமை போன் பண்ணுங்க என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு மாதம் இருக்கிறது. நீதிபதியிடம் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கிட்டார் பேஸ்மென்ட்டில் ஆணியில் தொங்குகிறது, சுத்தியல் அதன் கீழே. துணி துவைக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். வாரன் எதிரே நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறான்.

"சாப்பிட வாடா" என்றால், "வரேன்கா" என்கிறான். கையை மட்டும் எடுப்பதில்லை.