பதிவாகாத புகை

கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பை அவள் வீட்டுப் பை. ஓரம் கிழிந்ததால் அவளே முடிச்சுப் போட்டு, கழுவி, அடுப்படி ஜன்னலில் காயப் போட்டிருந்தாள். இப்போது அது காட்டுச் சரிவில், புகையைக் கண்டுபிடிக்கும் கருவியின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவிழ்ந்துவிடக் கூடாதென்று கழுத்தில் ரப்பர் பேண்டு வேறு.

அடுத்த கம்பத்திலும் பை. அதற்கடுத்ததிலும் பை. ஆறு கம்பங்களையும் நடந்து பார்த்துவிட்டு அவள் காறித் துப்பினாள். கட்டியது யார் என்று ஊரைக் கூட்டி விசாரிக்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அந்தக் கருவிகளின் திரையைப் பார்ப்பதுதான் அவள் புருஷனுக்கு வேலை.

கருவிகள் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேட்டுக்கு அந்தப் பக்கம் தீப்பிடித்தால் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மேட்டில் ஏறி நின்று பல்லைக் காட்டும்போதுதான் தெரியும். கருவி முன்கூட்டியே சொன்னால் ஆட்களைக் கிளப்ப ஒரு மணி நேரமாவது கிடைக்கும். அவள் வீட்டிலேயே அப்படிக் கிளப்ப வேண்டிய ஆள் உண்டு: இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் மாமியார். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். வழி நெடுக வைதுகொண்டே வருவாள் என்பதால் அந்த நாலு பேரும் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும். வீடோ சரிவை ஒட்டிய கடைசி வீடு.

ஆனால் கருவி சொல்லும், அவ்வளவுதான், நிறுத்தாது. நிறுத்துவது கரிக்கோடு. பனி விழும் மாதத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், குடியிருப்புக்கு மேலே சரிவின் குறுக்காக இருபதடி அகலத்துக்குப் புல்லைப் பெண்கள் கொளுத்திவிடுவார்கள். மேல் ஓரத்தில் பற்றவைத்தால் தீ ஈரப் புல்லில் தவழ்ந்து தவழ்ந்துதான் இறங்கும். பச்சைக் கிளையும் ஈரச் சாக்குமாக இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். பிறகு கோடைத் தீ வந்தால் அந்தக் கறுப்புப் பட்டையில் தின்ன ஒன்றுமில்லாமல் பட்டினி கிடந்து சாகும்.

கருவி வந்த பிறகு ஆரம்பித்தது கூத்து. கொளுத்தினால் கருவி அலறும். அலறினால் ஏன், எதற்கு என்று மேலிடத்திலிருந்து கடிதம் வரும். பதில் எழுத, கருவிகளுக்குப் பொறுப்பான அதிகாரிக்குக் கை வலிக்கும். ஆகவே கொளுத்தத் தடை போட்டார். அப்போதும் கருவி அடங்கவில்லை. முப்பது வீட்டு அடுப்புப் புகைக்கும் அலறியது. அடுப்பைத் தடை செய்ய முடியுமா? கருவியின் மூக்கைப் பொத்திவிட்டார்கள்.

புருஷனிடம் கேட்டாள். சார் சொன்னார், கட்டினேன் என்றான். கோடை வந்ததும் கழற்றிவிடலாமாம். திரை முழுக்கப் பச்சையாக இருந்தால் மேலிடத்துக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி என்று சொல்லிவிட்டுத் தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

"உங்கம்மா கட்டில்ல கெடக்கறாங்க. அது ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது என்று தலையாட்டினான். கூடவே கொஞ்சம் உப்பு கேட்டான். பதினோரு வருடமாக இந்த வாய்க்கா ஆக்கிப் போட்டோம் என்று எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

கொளுத்த அனுமதி கேட்டு அவள் மனுப் போட்டிருந்தாள். பதில் கைபேசியில் வந்தது: புகை எதுவும் பதிவாகவில்லை, தீ அபாயம் குறைவு, அனுமதி இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் அதைப் படித்துக் காட்டினாள்.

"மூக்கப் பொத்திக்கிட்டு நாத்தமே இல்லன்றானுங்க" என்றாள் தையல்காரி.

பனி இன்னும் நாலைந்து நாள்தான் இருக்கும் என்று தெரிந்தது. ஒன்பது பெண்கள் மூன்று விடியலில் கரிக்கோடு முழுவதையும் கொளுத்தி முடித்தார்கள். ஆறு கம்பங்களையும் புகை குளிப்பாட்டியது, ஒன்றுகூட முனகவில்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் கரியோடு உள்ளே வந்தவளைப் புருஷன் மேலும் கீழும் பார்த்தான். துண்டை எடுத்து நீட்டினான். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்ததாகிவிடும் அல்லவா, கெட்டிக்காரன்.

கோடை வந்தது. பைகளை யாரும் கழற்றவில்லை. ஒரு மத்தியானம் மேட்டுக்கு அந்தப் பக்கம் பற்றிக்கொண்டது, திரையில் பச்சை. தீ மேட்டில் ஏறி நின்றபோதுதான் குடியிருப்பு அலறிக்கொண்டு ஓடியது. அவள் மாமியாரைக் கட்டிலோடு வாசலுக்கு இழுத்தாள். தூக்க வந்தது தையல்காரி ஒருத்திதான். கட்டில் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மாமியார் அன்றைக்கு வையவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீ இறங்கியது, கரிக்கோடு வரை வந்தது, அங்கும் இங்கும் தேடியது, படுத்துவிட்டது.

பத்தாம் நாள் பாராட்டு விழா. முப்பது வீடுகளைப் புதிய தொழில்நுட்பம் காப்பாற்றியதற்காம். பைகளை அவிழ்த்து, கருவிகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். மேடையில் அவள் புருஷன், அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில். கருவி தந்த தகவலால் தக்க நேரத்தில் தீ கட்டுக்குள் வந்ததாக அதிகாரி பேசினார். எப்படிக் கட்டுக்குள் வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சே இல்லை. சரிவில் இருந்த கறுப்புப் பட்டை அந்தத் தீயில் எரிந்த இடமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். மறைக்கிறவர் அதற்கு மாலையும் போட்டுக்கொள்வதை அன்றுதான் பார்த்தாள். கடைசியில் அதிகாரி ஓர் அறிவிப்பும் செய்தார். கருவி இருக்கும்போது கரிக்கோடு எதற்கு? இனி சரிவில் தீக்குச்சி உரசினால் ஜெயில். சரிவுக்கு இரவு பகலாகக் காவல். குடித்த டீக்கு நன்றியாகக் கூட்டம் கைதட்டியது.

அவள் எழுந்தாள். தையல்காரி முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"தீ நின்னது நாங்க கொளுத்துன கரிக்கோட்டுல. கொளுத்துனது நான். எழுதிக்குங்க."

அதிகாரி கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தார். அப்படிக் கொளுத்தியிருந்தால் ஆறு கருவியும் சொல்லியிருக்குமே அம்மா என்றார். சந்தேகம் எதற்கு, ஆபரேட்டரையே கேட்போம் என்று மைக்கை அவள் புருஷன் பக்கம் நீட்டினார்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தான்.

"அப்படி எந்தப் புகையும் பதிவாகல, சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாத வாய். கூட்டம் சிரித்தது. அவள் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் அவன் விழாவில் கொடுத்த கேடயத்தோடு வந்தபோது மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே விளக்கம் சொன்னான். ஆமாம் என்றிருந்தால் அவளை அங்கேயே ஜீப்பில் ஏற்றியிருப்பார்களாம்.

"உன்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"என்னக் காப்பாத்திட்டீங்க" என்றாள். "அடுத்த கோடைல உங்கம்மாவ?"

அவன் கேடயத்தை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமியார்தான் பேசினாள்.

"கட்டில வாசப்பக்கம் தள்ளிப் போடும்மா. கதவையும் நிலையையும் எடுத்துரு."

அவள் தலைமாட்டில் குனிந்தாள். அவன் கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு, கால்மாட்டைப் பிடிக்க ஓடி வந்தான்.

"நீ தொடாத" என்றாள் அவனைப் பெற்றவள்.