ஒரே பிரி

கனகராஜுக்குத் தன் மூளைமேல் இருந்த மதிப்பு அபிஷேகப்பாக்கத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அவன் பெண்டாட்டி உமையாளுக்குச் சுத்தமாகக் கிடையாது.

கனகராஜின் அப்பா செத்ததும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கழனியைப் பிரித்துக்கொண்டார்கள். ஒன்று சதுரமான நடுக்கழனி. இன்னொன்று வாய்க்காலை ஒட்டி நீளமாக ஓடுகிற துண்டு. சங்கிலி பிடிக்கிற சர்வேயரைக் கூப்பிடலாம் என்றான் தம்பி தங்கவேல்.

"எதுக்குடா சர்வேயரு? எனக்கு அளக்கத் தெரியாதா?"

கனகராஜ் வைக்கோல் பிரி திரித்து ரெண்டு கழனியையும் வரப்போடு சுற்றிப் பார்த்தான். ரெண்டுக்கும் அதே பிரி சரியாக வந்தது. "ஒரே பிரி, ஒரே பங்கு" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு, மூத்தவன் என்ற உரிமையில் நீளத் துண்டை எடுத்துக்கொண்டான். நீளமாகத் தெரிந்தால் பெரிசு. அவ்வளவுதான் அவன் கணக்கு.

நடவு முடிகிற அன்றைக்குப் பெரியவர்கள் முன்னால் வெற்றிலை மாற்றவேண்டும். மாற்றிவிட்டால் சாகும்வரை மறுபேச்சு கிடையாது.

அன்றைக்கு ஐ.ஆர். எட்டு நெல் நாற்று முடிகளை ரெண்டு பங்குக்கும் சமமாகப் பிரித்துப் போட்டார்கள். பொழுது சாயுமுன்பே உமையாள் கரையேறிவிட்டாள். நீளத் துண்டு நிறைந்துவிட்டது, நாற்று மிச்சம்.

"பாத்தியா, நம்ம நடவு எவ்ளோ சிக்கனம்!" என்றான் கனகராஜ்.

உமையாள் இடுப்பை நிமிர்த்தி நடுக்கழனியைப் பார்த்தாள். அங்கே நாற்று தீர்ந்துபோய், நட்ட நடுவில் வெறுந்தண்ணீர் பளபளத்தது. அவள் பிள்ளைகளுக்கு வருஷச் சோறு இந்த ஒல்லித் துண்டுதான்.

வரப்பில் கிடந்த பிரியில் முழ நீளம் அறுத்து முனைகளை முடிச்சுப் போட்டாள். சேற்றில் சதுரமாக விரித்தாள். "இதுக்குள்ள நாத்து வைக்கலாமா?" பிறகு ரெண்டு பக்கமும் பிடித்து நீளமாக இழுத்தாள். பிரியும் பிரியும் ஒட்டிக்கொண்டன. "இப்ப வையி பாப்போம். அதே பிரிதான்யா. எடம் எங்க?"

கனகராஜ் பார்த்தான். புரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது.

"இன்னும் வெத்தல மாத்தல. சர்வேயர இட்டாந்து அளக்கலாம்னு போய்ச் சொல்லு."

"நான் அளந்தத நானே தப்புன்னு சொல்றதா? ஊரு சிரிக்கும்டி."

"இப்ப மட்டும் இன்னா, கும்புடுதா?"

அதற்குள் தங்கவேல் சேற்றுக் காலோடு வந்து நின்றான். "அண்ணே, நாத்து பத்தல. மிச்சம் இருந்தா குடேன்." பின்னாலேயே பெரியவர்கள் வெற்றிலைத் தட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள்.

கனகராஜ் தொண்டையைச் செருமினான். "எடுத்துக்கடா. நடத் தெரிஞ்சவனுக்கு மிஞ்சும், தெரியாதவனுக்குப் பத்தாது" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான். பெரியவர்கள் வந்ததும் தம்பியோடு வெற்றிலை மாற்றி மடியில் செருகிக்கொண்டான்.

உமையாள் மிச்ச முடிகளைத் தானே அள்ளிக் கொழுந்தன் கழனியில் வீசினாள். வரப்பில் கிடந்த பிரி முழுவதையும் சுருட்டி வந்து புருஷன் காலடியில் போட்டாள்.

"இந்தா, நீ அளந்து வாங்கன பங்கு. அறுப்பு வந்ததும் இதையே அவிச்சித் துன்னு."